அம்மாவுக்குத் தன் நிலை தெரிந்திருக்கிறது: இறுதி நாட்களை ஊரோடு சேர்ந்து எதிர்கொள்வது எப்படி?

கேள்வி கேட்பவர்: வேளிமலை

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சினைப்பையில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சையும் இரண்டு கட்டக் கீமோவும் முடிந்த பிறகும் நோய் வயிற்றறை முழுவதும் பரவிவிட்டது. இனிமேல் கீமோ கொடுத்தால் துன்பம் கூடுமே தவிர நாள் கூடாது என்று சென்ற மாதம் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது என்று பேருந்து முழுக்கத் தவித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அவரு உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டப்பவே எனக்குப் புரிஞ்சுட்டு. இனிமே என்கிட்ட ஒண்ணையும் மறைக்காதே" என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

அம்மா நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர். மறுநாள் காலையில், துணி வெட்டும் மேசையின் முன் உட்கார்ந்து, நாட்காட்டியில் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களை எழுதத் தொடங்கினார். பார்க்க வேண்டியவர்கள் ஒரு தாளில், பணம் தர வேண்டியவர்கள் ஒரு தாளில், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் ஒரு தாளில் என்று பிரித்து எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவது தாளை எனக்குக் காட்டவில்லை.

அவர் விரும்புவது இதுதான்: இந்த வீட்டில், தெரிந்த முகங்களுக்கு நடுவில், முடிந்தவரை நினைவோடு இருந்து போக வேண்டும். அப்பா ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து இறந்தார். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மட்டுமே அம்மாவை உள்ளே விட்டார்கள். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா இன்றுவரை அதை நினைத்து மருகுகிறார்.

சென்னையில் இருக்கும் என் அண்ணன் இதை ஏற்கவில்லை. வேறொரு பெரிய மருத்துவமனையில் காட்டலாம் என்கிறார். அம்மாவிடம் இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பேசினால் மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்று தினமும் தொலைபேசியில் கெஞ்சுகிறார். வந்து பார்க்கும் உறவினர்களில் பாதிப்பேர் வாசலிலேயே அழத் தொடங்குகிறார்கள். மீதிப்பேர் "ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி, அம்மா எதையும் பேசிவிடாதபடி வாயை அடைத்துவிட்டுப் போகிறார்கள். இரவில் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வாரங்களாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணிநேரம் தூங்கவில்லை.

அம்மா கேட்பது நடக்கக்கூடியதுதானா? நடக்கும் என்றால் நான் யாரிடம் எதைக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


பதில் 1: வீட்டுச்செவிலி

சகோதரி, பதினான்கு ஆண்டுகளாக மதுரைப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் சென்று, நோய் முற்றியவர்களின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பணி செய்யும் செவிலி நான். அம்மா கேட்பது நடக்கக்கூடியதுதான், பல வீடுகளில் நடந்திருக்கிறது. ஆனால் அது தானாக நடப்பதில்லை; முன்கூட்டியே சில ஏற்பாடுகள் வேண்டும்.

முதலில் வலியைக் கவனியுங்கள். வலியில் துடிக்கும் ஒருவருக்கு அந்த வலியைத் தவிர வேறு நினைவு இருக்காது. மன்னிப்பு, விடைபெறுதல் எல்லாம் அதற்குப் பிறகுதான். மார்ஃபின் கொடுத்தால் நினைவு தப்பிவிடும், அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கும் கடைசி மருந்து என்ற அச்சத்தில் மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மை வேறு. சிறிய அளவில் தொடங்கி, நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கொடுத்து, மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் கூட்டினால், முதல் இரண்டு மூன்று நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும். பிறகு பெரும்பாலானோர் தெளிந்து எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். வலி வந்த பிறகு கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்குக் கொடுப்பதுதான் முறை. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தருவார்கள். ஆனால் அம்மாவின் நோய் வயிற்றறையில் பரவியிருப்பதால் குடல் அடைபடும் வாய்ப்பு உண்டு. வாந்தி நிற்காமல் இருந்தாலோ, வயிறு உப்பி வாயு பிரியாமல் இருந்தாலோ நீங்களாகப் பேதிமருந்து கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டினால் நீரை எடுத்துவிட்டு ஆறுதல் தர முடியும்.

1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் நீண்ட காலம் பல மருத்துவமனைகளில் மார்ஃபினைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிலைமை சற்று மாறியிருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் நோய்த்தணிப்புப் பிரிவைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவையும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் வந்து பார்ப்பதற்குள் நிலைமை முற்றிவிட்ட வீடுகள்தான் அதிகம். நீங்கள் நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

இனி வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் பதறுவதால்தான் வீட்டில் இருக்க விரும்பியவர்கள் கடைசி இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள். பசி குறையும், பிறகு தண்ணீரும் வேண்டாம் என்பார். வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். தூக்கம் கூடும். கைகால் குளிரும். மூச்சு சில நொடிகள் நின்று மீண்டும் வரும். தொண்டையில் சளி கரகரக்கும். கேட்பவர்களுக்கு அந்தச் சத்தம் பெரும் வேதனையாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். நம் ஊர்களில் அந்நேரம் உறவினர் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவது வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆனால் விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய் ஒருவர் திணறுவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பாலில் நனைத்த பஞ்சால் உதட்டைத் தொட்டு எடுத்தால் போதும் என்று மூத்தவர்களிடம் இப்போதே பேசிவையுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைசி ஓரிரு நாட்களில் அம்மா மயக்கத்தில் இருக்கலாம், குழம்பிப் பேசலாம். அதை யாருடைய தோல்வியாகவும் எண்ணாதீர்கள். நினைவோடு செய்ய வேண்டியவை எவையோ அவற்றுக்கான நேரம் அந்தக் கடைசி மணி அன்று. அந்தத் தாள்களை அவர் எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரங்கள்தான்.


பதில் 2: கடலுண்டிக்கரை

நான் கோயம்புத்தூர்க்காரன். வேலைக்காக மலப்புறம் மாவட்டத்தில் பதினொரு ஆண்டுகள் இருந்தபோது அங்கே நோய்த்தணிப்புத் தன்னார்வலனாகப் பணி செய்தேன். செவிலி அம்மையார் மருத்துவப் பக்கத்தை முழுமையாகச் சொல்லிவிட்டதால், ஊர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் 1993இல் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியபோது அது வெளிநோயாளிகளுக்கான ஒரு சிறிய அறைதான். நோய் முற்ற முற்ற அந்த அறை வரை வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பது விரைவிலேயே தெரிந்துபோயிற்று. மருத்துவர் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அதனால் அந்தந்த ஊர் மக்களையே பழக்கினார்கள். வாரத்துக்கு இரண்டு மணிநேரம் தர முடிந்த யாராக இருந்தாலும் சேரலாம். பதினாறு மணிநேர வகுப்பு, பிறகு நான்கு நாட்கள் நோயாளிகளுக்கு அருகில் நேரடிப் பயிற்சி. ஆட்டோ ஓட்டுநர், மதரசா ஆசிரியர், கல்லூரி மாணவர், மீன் வியாபாரி என்று என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் மருத்துவம் படித்தவர் ஒருவர்கூட இல்லை. செலவுக்குக் கடைகளில் உண்டியல் வைத்தார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்து, பஞ்சாயத்துகளின் பொறுப்பாக்கியது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்து மனிதர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அது நடக்கவில்லை. 'நோயாளிக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், 'செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வந்து இதைச் செய்யுங்கள்' என்று கேட்டதால் நடந்தது. எங்கள் குழுவில் இருந்த தேநீர்க்கடைக்காரர் ஒருவர், முதுகுத்தண்டில் நோய் பரவிப் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு ஞாயிறுதோறும் முகச்சவரம் செய்வார். அதைத் தவிர வேறெதுவும் செய்யமாட்டார். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டு, சோப்பு நுரையைத் தன் புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்து, முக்கால் மணிநேரம் மெதுவாகச் செய்வார். மகனிடமும் மனைவியிடமும் சொல்லாத பலவற்றை அந்தப் பெரியவர் அவரிடம்தான் சொன்னார் என்பது பின்னால் தெரிந்தது.

உங்கள் அம்மாவிடம் தையல் படித்த பெண்கள் எத்தனை பேர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பார்கள்? அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றிருக்கும், என்ன செய்வது என்றுதான் தெரிந்திருக்காது. ஒருத்தியிடம் இரவு பத்திலிருந்து இரண்டு வரை கேளுங்கள். ஒருத்தியிடம் கஞ்சியைக் கேளுங்கள். ஒருத்தியிடம் துணி துவைப்பதைக் கேளுங்கள். கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. தயவுசெய்து கேளுங்கள். பார்வையாளர்களைச் சமாளிக்க, வாசலில் உட்கார்ந்து "இப்ப தூங்குறாங்க, நாளைக்கு வாங்க" என்று தயங்காமல் சொல்லக்கூடிய உறவுக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

உங்கள் அண்ணன் விஷயத்தில் வாதாடிப் பயனில்லை. தொலைவில் இருப்பவர் நோயைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அம்மாவின் பழைய குரலைத்தான் கேட்கிறார். தன்னால் செய்ய முடிந்த ஒரே செயல் இன்னொரு மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது என்று நினைக்கிறார். அதில் இருக்கும் பாசத்தை மதியுங்கள், ஆனால் உண்மையை அம்மாவே அவரிடம் சொல்லட்டும். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த முதல் பாடமே, நோயாளிக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும் என்பதுதான். எல்லாரும் உங்கள் அம்மாவைப் போல் இருப்பதில்லை. தெரிய வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களிடம் வலிந்து சொல்வதும் கொடுமைதான். உங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை வந்துவிட்டது. அண்ணனை ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். விருந்தாளியாக வேண்டாம், இரவுமுறையில் ஒரு பங்கு அவருக்கும் இருக்கட்டும்.


பதில் 3: சித்தாமூரான்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, நான் மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். உங்கள் அம்மா அந்த மூன்று தாள்களை எழுதியதைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று என்றொரு பாறை இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்ட அந்த இடத்தில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாட்கள் உண்ணாமல் நோற்று உயிர்விட்டதைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. சிறுவயதில் பாட்டி என்னை அங்கே அழைத்துச் சென்று, எழுத்துகளின் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவச் சொன்னார். உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர்விடும் அந்த நோன்புக்குச் சல்லேகனை என்று பெயர். பாட்டி பின்னாளில் அதை ஏற்றபோது அவருக்கு 88 வயது. சிறுநீரகம் செயலிழந்து, உணவே உடம்பில் தங்காத நிலையில், குருவின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் ஏற்றார்.

உங்கள் அம்மா இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் சமயத்துக்குள், நீண்ட பழக்கமும் குருவின் கண்காணிப்பும் உள்ளவர்களுக்கான நோன்பு. அதைக் குறித்து வழக்கும் உண்டு. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10 அன்று அதைத் தற்கொலைக்கு நிகராகக் கருதித் தீர்ப்பளித்தது; அதே மாதம் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. முதியவர்கள்மேல் ஊரும் குடும்பமும் அழுத்தம் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். நான் உங்களோடு பகிர விரும்புவது உண்ணாமையை அன்று, அந்த நோன்பைச் சுற்றி எங்கள் முன்னோர் வகுத்துவைத்த ஒழுங்கை.

அந்த ஒழுங்கில் உணவைக் குறைப்பது பிறகுதான் வருகிறது. அதற்கு முன் பற்றையும் பகையையும் விட்டு, உறவினரிடமும் தனக்கு ஊழியம் செய்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்டு, தானும் இனிய சொல்லால் மன்னிக்க வேண்டும். பாட்டி எங்கள் நிலத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு அம்மாளை வரவழைத்து, தன் கட்டிலின் மேல் தனக்குச் சமமாக உட்கார வைத்துப் பேசினார். அந்த அம்மாள் உட்கார மறுத்து நின்றதும், பாட்டி கையைப் பிடித்து இழுத்ததும், பிறகு இருவரும் நெடுநேரம் பேசாமல் இருந்ததும் என் கண்ணிலேயே இருக்கிறது.

இந்த நோன்புக்கு ஐந்து குற்றங்கள் சொல்லப்படுகின்றன. இன்னும் வாழ வேண்டும் என்று ஏங்குவது, அச்சம், நண்பர்களை நினைத்து உருகுவது, அடுத்த பிறவியில் பயன் வேண்டுவது ஆகியவற்றோடு, சீக்கிரம் செத்துவிட வேண்டும் என்று விரும்புவதும் குற்றம். பாட்டி சில நாட்களில் மிகவும் சோர்ந்து, "எப்பத்தான் முடியும்?" என்று கேட்பார். பக்கத்தில் இருக்கும் யாராவது மெதுவாக அதை நினைவூட்டுவார்கள். அவரும் தலையசைப்பார்.

பக்கத்தில் இருக்கும் யாராவது என்று எழுதினேன் அல்லவா, அங்கேதான் உங்கள் தூக்கமில்லாத மூன்று வாரங்களுக்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். பகவதி ஆராதனை என்ற பழைய பிராகிருத நூல், இப்படி நோற்கும் ஒரு துறவிக்குத் துணையாக நாற்பத்தெட்டுத் துறவியர் இருக்க வேண்டும் என்று சொல்லி, எழுப்பி உட்கார வைப்பவர் சிலர், அறம் சொல்பவர் சிலர், வாசலில் காவல் இருப்பவர் சிலர் என்று வேலையைப் பங்கிடுகிறது. அத்தனை பேர் கிடைக்காவிட்டால் குறைந்தது இருவர்; ஒருவர் மட்டும் துணையாக இருக்கவே கூடாது. ஒருவராக இருந்தால் அவர் தன்னையும் காக்க முடியாது, நோற்பவரையும் காக்க முடியாது. துறவியருக்கே இந்த விதி என்றால், ஒரு மகள் தனியாக எப்படிச் சுமப்பது?

எங்கள் வீட்டில் சித்திக்கு ஒரே வேலை, ஈரத்துணியால் உதட்டை நனைப்பது. பிள்ளைகளுக்கு விசிறுவது. பெரியப்பா வாசிப்பார். அந்த அறைக்குள் சொத்துப் பேச்சு பேசக்கூடாது, அழுகை வந்தால் கிணற்றடிக்குப் போய்விட்டு வர வேண்டும் என்பவை பாட்டியே விதித்த விதிகள். செவிலி அம்மையார் சொன்னதுபோல் கடைசி நாளில் பாட்டிக்கு நினைவு முழுவதுமாக இல்லை. ஆனாலும் வாசிப்பது நிற்கவில்லை. காதில் விழுகிறது என்றே எண்ணி வாசித்தோம்.


பதில் 4: வழக்குரைஞர், நெல்லை

சட்டம் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் அம்மா தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரை, ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. நினைவு தவறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் தேவைப்படுகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று இதை அங்கீகரித்தது. அப்போது நீதித்துறை நடுவரின் மேலொப்பமும் பெற வேண்டும் என்றிருந்த கடினமான நடைமுறை 2023 ஜனவரி 24 அன்று எளிதாக்கப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அம்மா கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். தன் சார்பில் பேசக்கூடிய நெருங்கியவர்களின் பெயர்களை அதில் எழுதலாம். அண்ணனின் பெயரையும் உங்கள் பெயரோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விலக்கி வைக்கப்பட்டவர்தான் பின்னால் எதிர்ப்பார். என் அனுபவத்தில் அது பலமுறை நடந்திருக்கிறது.

வீட்டிலேயே இருப்பவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நள்ளிரவில் மூச்சு மாறும்போது யாரோ பதறி 108ஐ அழைத்துவிட்டால் மறுநாள் காலை அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். அங்கே தொடங்கிய செயற்கைச் சுவாசத்தை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்களின் கருத்து வேண்டும். அந்த நேரத்தில் இந்த ஆவணம் கையில் இருந்தால் அம்மாவின் விருப்பம் எழுத்தில் பேசும். வீட்டில் இறந்தால் இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதையும், அதற்காகப் பார்த்துவந்த மருத்துவரிடம் முன்பே பேசிவைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.


மறுமொழி: வேளிமலை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் நால்வரின் பதில்களையும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு நாட்கள் வைத்துப் படித்தார்.

அரசு மருத்துவமனைப் பிரிவிலிருந்து வாரம் ஒருமுறை செவிலி வருகிறார். மார்ஃபின் தொடங்கிய முதல் மூன்று நாட்கள் அம்மா தூங்கிக்கொண்டே இருந்ததால் பயந்துபோனேன். நான்காம் நாள் காலையில் எழுந்து, தன் தலையை யார் இவ்வளவு மோசமாகப் பின்னியது என்று கேட்டார். இப்போது வலி இருக்கிறது, ஆனால் பேச முடிகிற வலி.

அம்மாவிடம் படித்தவர்களில் ஒன்பது பேர் முறை வைத்து வருகிறார்கள். கேட்டபோது ஒருத்தி, "இதுக்காகத்தான் அக்கா காத்திருந்தோம்" என்று சொல்லி அழுதுவிட்டாள். அடுத்த தெருவில் இருக்கும் கிறிஸ்தவ அம்மா ஒருவர் புதன்கிழமை இரவுகளில் வந்து மெல்லிய குரலில் ஞானப்பாட்டுப் பாடுகிறார். அம்மாவுக்கு அதன் சொற்கள் தெரியாது, ராகத்துக்கு விரலால் தாளம் போடுகிறார். வாசலில் அத்தை இருக்கிறார். அத்தைதான் பால் விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். அம்மாவே அவரைக் கூப்பிட்டு, கிண்ணத்தில் பாலும் பஞ்சும் கொண்டுவரச் சொல்லி, "இப்பவே தொட்டு வச்சுக் காட்டு, நாத்தனாரே. அன்னைக்கு நான் சொல்லித்தர முடியாது" என்றார். அத்தை கை நடுங்கத் தொட்டுவைத்தார். பஞ்சு அதிகம் நனைந்துவிட்டது, பிழிந்துவிட்டு மறுபடி வை என்று அம்மா திருத்தினார்.

அண்ணன் வந்து பதினெட்டு நாட்கள் ஆகின்றன. வந்த அன்று கையில் மருத்துவமனை விவரங்களோடுதான் வந்தார். இரண்டாம் இரவு அவருடைய முறை. காலையில் நான் எழுந்து போனபோது, அம்மாவின் பழைய தையல் இயந்திரத்தைக் கழற்றித் தரையில் பரப்பி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலில் இருந்தபடி எந்தத் துளையில் எத்தனை சொட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரவு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த விவரங்களை அண்ணன் அதன்பிறகு எடுக்கவில்லை. ஆவணத்தில் இருவர் பெயரும் இருக்கின்றன.

மூன்றாவது தாளில் ஐந்து பெயர்கள் இருந்தன. மூவரிடம் அம்மா பேசிவிட்டார். ஒருவர் வர மறுத்துவிட்டார். அம்மா அதை ஏற்றுக்கொண்டார். ஐந்தாவது பெயர் என் பாட்டியுடையது, அதாவது அம்மாவின் மாமியாருடையது. அவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சித்தாமூர்ப் பெரியவரிடம் கேட்கச் சொல்லி அம்மா சொன்ன கேள்வி இது: உயிரோடு இல்லாதவர்களிடம் உங்கள் பாட்டி எப்படி மன்னிப்புக் கேட்டார்?


பதில் 5: சித்தாமூரான்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எல்லா உயிர்களையும் நான் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும் என்று நாங்கள் சொல்வது வழக்கம். இறந்தவரின் உயிரும் எங்கோ ஓர் உடம்பில் இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை என்பதால், அவரும் அதற்குள் அடக்கம். ஆனால் பாட்டிக்கு அந்தப் பொதுச்சொல் போதவில்லை. அவருக்கும் அப்படி ஒருவர் இருந்தார். இளம்வயதிலேயே இறந்துபோன தன் தங்கை. அவர் என்னைத் தன் எதிரில் உட்காரச் சொல்லி, "கொஞ்ச நேரம் நீ பேசாம இரு" என்று சொல்லிவிட்டு, தங்கையின் பெயரைச் சொல்லி, நடந்ததை முதலிலிருந்து என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கு அப்போது பதினேழு வயது. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்ததும் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உங்கள் வீட்டில் யாரை எதிரில் உட்கார வைப்பது என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும்.